கிளினிக்கில் சொல்லாத மாத்திரை

மலேசியாவின் பீடோரைத் தாண்டித் தெற்கே வந்தால் சுங்காய் என்ற ஊர். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலத்தில் இன்று செம்பனை நிற்கிறது. அன்று பால்மரம் வெட்டியவர்கள் இன்று அரசாங்க கிளினிக்கில் மருந்துப் பைக்குக் காத்திருக்கும் வயதில் இருக்கிறார்கள்.

இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபைன் அல்லது பிராசோசின், இதய நோயாளி என்றால் ஐசோர்டில், நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்க ஜிடிஎன் என்று பை நிறைந்துவிடும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோர் 100 பேரில் 31 பேருக்கு இனிப்பு நீர். நாள்பட்ட இனிப்பு நீர் நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுக்கும். ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கு அது முக்கியக் காரணம். ஆக, வயாகரா தேடுகிறவரும் பை நிறைய மருந்து வைத்திருப்பவரும் பல நேரம் ஒரே ஆள்தான்.

பையிலுள்ள எல்லாமே வயாகராவுக்கு எதிரியல்ல. மெட்ஃபோர்மினால் சிக்கல் இல்லை. அம்லோடிபைனோடு சேர்ந்தால் அழுத்தம் சற்றுக் கூடுதலாக இறங்கும், அவ்வளவே.

உயிருக்கு உலை வைப்பது ஐசோர்டிலும் ஜிடிஎன்னும் அடங்கிய நைட்ரேட் வகை. இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஒரு பொருளை இவை உடலில் பெருக்குகின்றன. வயாகராவிலுள்ள சில்டெனஃபில், அந்தப் பொருள் சிதையாமல் தடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். அதனால்தான் சில்டெனஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்கும், சியாலிஸ் எனப்படும் தடாலஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் கூடாது என்கிறார்கள். ஐசோர்டிலை அன்றாடம் சாப்பிடுகிறவருக்கு இந்த மாத்திரைகளே ஆகாது.

பிராசோசினோடு வயாகரா சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழலாம். அதனால் டாக்டர் வயாகராவைக் குறைந்த அளவில்தான் தொடங்குவார். பாக்டீரியாவுக்கான எரித்ரோமைசின், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் மாத்திரை, எச்ஐவிக்கான ரிட்டோனாவிர் ஆகியவை வேறு விதம். கல்லீரல் சில்டெனஃபிலைக் கழிக்கும் வேகத்தை இவை குறைப்பதால், சிறிய மாத்திரையும் பெரிய மாத்திரையாக வேலை செய்யும்.

மலேசியாவில் சில்டெனஃபிலை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. சீட்டுக் கேட்க வெட்கப்படுகிறவரைத் தேடி வருகிறது 'ஆண்மைக் காப்பி'. தோங்காட் அலி வேர் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். உள்ளே சில்டெனஃபிலோ தடாலஃபிலோ கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஐசோர்டில் சாப்பிடுகிறவர் அதைக் குடித்தால், தான் வயாகரா எடுத்திருப்பதே அவருக்குத் தெரியாது.

2008இல் சிங்கப்பூரில் நடந்தது இன்னும் கொடுமை. கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் இனிப்பு நீர் மருந்தான கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. சில மாதங்களில் சுமார் 150 பேர் இரத்தத்தில் சர்க்கரை சரிந்து மருத்துவமனைக்குப் போனார்கள். ஏழு பேர் நினைவிழந்தனர், நான்கு பேர் இறந்தனர்.

பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' எனத் தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்க வேண்டும். வயாகராவோ அந்தக் காப்பியோ எடுத்தபின் நெஞ்சு வலித்தால் ஜிடிஎன்னைத் தொடாமல் 999க்கு அழைக்க வேண்டும். ஆம்புலன்சில் வருகிறவரிடம், நோயாளி எதை, எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். மனைவிக்கும் அது தெரிந்திருந்தால், நோயாளி மயங்கிவிட்டாலும் அவர் சொல்லிவிடுவார்.