கலைக்கும் ஒரு கிராணி வேண்டும்

"ஏன் சார், கூத்துக்காரர்களுக்குக் கணக்கு எழுதத்தானா என் மகளை டிப்ளோமா வரைக்கும் படிக்க வைத்தேன்?"

ஜெஞ்சாரோம் கடைத்தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு தகப்பனார் என்னிடம் இப்படிக் கேட்டார். செம்பனைக் குலை வெட்டுபவர் அவர். அவருடைய மகள் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவள். பிறகு கணக்கியல் டிப்ளோமாவில் சேர்ந்தாள். கடைசிப் பருவத்தில் இருபது வாரத் தொழிற்பயிற்சி செய்தால்தான் சான்றிதழ் கிடைக்கும். தோழிகள் தொழிற்சாலைக்கும் வங்கிக்கும் போக, இவளுக்குக் கோலாலம்பூரில் நாட்டியமும் இசையும் நடத்தும் ஒரு கலை அமைப்பின் அலுவலகத்தில் இடம் கிடைத்திருந்தது. உதவித்தொகையோ பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போதுமானது, அவ்வளவுதான்.

வாசகர்களே, அந்தத் தகப்பனாரை நான் குறை சொல்ல மாட்டேன். பேரங்காடியில் நின்றால் மாதச் சம்பளம் வரும். கூத்து, ஆட்டம் என்றால் பெண் பிள்ளையைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இந்த இரண்டு கவலையும் நம் வீடுகளில் உள்ளவைதான்.

ஆனால் நான் அவருக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இரவுக் கூத்து நடக்கும். ஓராண்டு அரிதாரம் பூசி, மேளம் கட்டி, ஜனங்கள் பாயோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பத்து மணிக்குப் போலீஸ் வந்து பெர்மிட் கேட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எடுத்திருப்பார் என்று ஒவ்வொருவரும் மற்றவரை நம்பி இருந்துவிட்டார்கள்! அன்றைக்கு ராஜா வேஷம் போட்டவர் வேஷத்தைக் கலைக்காமலேயே லயத்துக்கு நடந்து போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆடத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தும், கடிதம் எழுத ஒருவர் இல்லாததால் கூத்து நின்றது. மறு வருடம் ஆபீஸ் கிராணியைச் செயலாளராகப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கூத்தும் நிற்கவில்லை.

"அந்தக் கிராணி செய்த வேலையைத்தான் உங்கள் மகள் கற்றுக்கொள்ளப் போகிறாள்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வழியில் மகளை பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிட்டுப் போனார். அவள் பஸ்ஸில் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலில் இறங்க வேண்டும்.

ஒரு நாட்டிய நிகழ்ச்சிக்கு முன் அலுவலகத்தில் என்னென்ன நடக்கிறது, தெரியுமா? மண்டபத்தைப் பதிவு செய்து முன்பணம் கட்ட வேண்டும். கோலாலம்பூர் என்றால் 1992ஆம் ஆண்டுக் கேளிக்கைச் சட்டப்படி உரிமம் வேண்டும். டிக்கெட் விற்றால் 1953ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டம் குறுக்கே வரும். வரி விலக்குக் கேட்க வேண்டுமானால் காலத்தோடு மனுச் செய்ய வேண்டும். சென்னையிலிருந்து ஒரு வித்துவானை அழைத்தால் புஸ்பால் என்னும் அரசாங்கக் குழுவின் அனுமதியும் குடிநுழைவுத் துறையின் அனுமதிச் சீட்டும் தேவை. பாட்டுக்குக் காப்புரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு ஒளி, ஒலி, சாப்பாடு, ஆதரவு தந்தவர்களுக்கு நன்றிக் கடிதம். ஒன்று தவறினாலும் திரை எழும்பாது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள கதையல்ல. சென்னையில் ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அவருடைய நாட்டியத்தை உலகம் அறியும். அவருக்குப் பக்கபலமாக நின்று நிறுவனத்தை நடத்திய சங்கர மேனன் என்பவரை எத்தனை பேர் அறிவோம்? அவர் நாட்டியக்காரர் அல்லர், பள்ளி ஆசிரியர். 1986இல் ருக்மிணி தேவி மறைந்த பிறகு அந்தப் பொறுப்பு அவர் கைக்குத்தான் வந்தது.

நம் பிரிக்பீல்ட்ஸுக்கே வாருங்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981இல் பிறந்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் அங்கே நாட்டியமும் சங்கீதமும் கற்றுத் தருகிறது. அதைச் சார்ந்த அன்னலட்சுமி உணவகத்தில், உண்டவர்கள் மனமுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். அப்படி நடத்துவதற்கும் கணக்கு எழுத ஆள் வேண்டுமல்லவா? 1983இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கிய ரம்லி இப்ராஹிம், பரதமும் ஒடிசியும் ஆடும் மலாய்க்காரர். இயந்திரப் பொறியியல் படித்தவர். படிப்பு ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று சுவர் எழுப்பிக்கொள்வது நாம்தான்.

இனி நம் மாணவிக்கு வருவோம். மூன்றாவது வாரமே அவள் எனக்குப் போன் செய்து அழுதாள். "சார், தேநீர் கலக்குகிறேன், கடித உறை ஒட்டுகிறேன். இதற்கா அப்பா நாலரை மணிக்கு எழும்புகிறார்?" நான் சொன்னேன்: "அம்மா, உன் பயிற்சிக் குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறாயோ அதை அப்படியே மேற்பார்வையாளரிடம் காட்டு. கோபமாகப் பேசாதே. வேலை கேள்."

காட்டியிருக்கிறாள். மறுநாள் அவள் மேசைக்கு டிக்கெட் கணக்கு வந்தது. அச்சடித்தவை, விற்றவை, இலவசமாகக் கொடுத்தவை, மிச்சம் என்று நான்கு கட்டம் போட்டுக் கூட்டியபோது கணக்கு இடித்தது. யாரோ இலவசமாகக் கொடுத்த பன்னிரண்டு இருக்கைகளை எழுதி வைக்கவில்லை. அதே இருக்கைகள் விலைக்கும் போயிருந்தன. நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்பே அது தெரிந்ததால், அந்தப் பன்னிரண்டு பேருக்கும் வேறு இடம் கொடுக்க முடிந்தது. வாசலில் சண்டை இல்லை. கைதட்டல் எல்லாம் ஆடியவர்களுக்குத்தான். இவள் வாசலில் கைவிளக்கோடு நின்று தாமதமாக வந்தவர்களுக்கு இடம் காட்டிக் கொண்டிருந்தாளாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையும் ஒருநாள் இப்படி ஒரு கடிதத்தோடு வந்து நிற்கலாம். கலை அமைப்பு என்றவுடன் முடியாது என்று சொல்லாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு சரி என்றும் சொல்லாதீர்கள். கேட்க வேண்டியதைக் கேளுங்கள். பயிற்சி நாளும் வேலை நேரமும் கடிதத்தில் உண்டா? உதவித்தொகை எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறதா? மேற்பார்வையாளர் யார்? குறிப்பேட்டில் வாரந்தோறும் கையொப்பம் இடுவார்களா? விபத்துக்குக் காப்புறுதி கல்லூரி எடுத்திருக்கிறதா, நிறுவனமா? நிகழ்ச்சி நாளில் இரவு நேரமானால் பிள்ளை எப்படி வீடு திரும்பும்? விரிவுரையாளர் எப்போது வந்து பார்ப்பார்? நேர்மையான இடம் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுத்த சின்ன வேலையைச் சுத்தமாகச் செய்யுங்கள். அதன் பிறகு பெரிய வேலையைக் கேட்டு வாங்குங்கள். கேட்காத பிள்ளைக்குக் கடித உறைதான் கிடைக்கும்.

அந்தத் தகப்பனாரைப் போன மாதம் மறுபடியும் கடைத்தெருவில் பார்த்தேன். அவர் கோயில் திருவிழாக் குழுவில் பொருளாளராம். கையில் பழுப்பேறிய நீளமான கணக்குப் புத்தகம். "எங்கே புறப்பட்டீர்கள்?" என்றேன்.

"வீட்டுக்குத்தான் சார். இந்த வருஷத்து வரவு செலவு இடிக்கிறது. மகளிடம் காட்டலாம் என்று..." என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.