பல் சிகிச்சையும் கருவிகளின் தூய்மையும்

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில், 2023ஆம் ஆண்டு, ஒரு தனியார் பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 10 பேரின் மூளையை மெலியாய்டோசிஸ் என்னும் நோய்த்தொற்று தாக்கியது. அவர்களுள் 8 பேர் உயிரிழந்தனர். தூய்மை செய்யப்படாத கருவியால் திறக்கப்பட்ட சலைன் பாட்டிலைப் பலருக்கும் தொடர்ந்து பயன்படுத்தியதே காரணம் எனப் பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

தமிழ்நாட்டில் பல் மருத்துவமனைகளும் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற வேண்டும். ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் தவறாது காண வேண்டிய இடம், கருவிகள் தூய்மை செய்யப்படும் அறை. கொதிநீரில் இடுவதால் மட்டும் எல்லாக் கிருமிகளும் அழிவதில்லை. ஆட்டோகிளேவ் எனும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் கருவிகள் இருத்தல் வேண்டும்.

ஆய்வு என்றோ ஒரு நாள் நடைபெறுவது. சிகிச்சையோ நாள்தோறும் நடைபெறுவது. ஆகவே நோயாளியும் உடன் வருபவரும் சிலவற்றைக் கவனிக்கலாம். பதிவுச் சான்றிதழ் சுவரில் உள்ளதா? கருவிகளின் உறை உங்கள் கண்முன் பிரிக்கப்படுகிறதா? மருத்துவர் புதிய கையுறை அணிகிறாரா? சலைன் புதிதாகத் திறக்கப்படுகிறதா? ஐயம் எழுந்தால் தயங்காது கேளுங்கள். முறையாகப் பணிபுரியும் மருத்துவர் இக்கேள்விகளை வரவேற்பார். குறை நீடித்தால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநரிடம் முறையிடலாம்.

அச்சத்தால் பல் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். எனினும், சிகிச்சைக்கு அடுத்த வாரங்களில் காய்ச்சல், கடுமையான தலைவலி, முகம் கோணுதல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பல் சிகிச்சை பெற்றதையும் மறவாது கூறுங்கள். அச்செய்தி நோயை விரைந்து கண்டறிய உதவும்.