நிலவறையிலிருந்து நெடுஞ்சாலைக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நம்மில் பலர் முதலில் பார்த்தது ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில்தான். வீட்டின் கீழ்த்தளத்தில் மேஜையைச் சுற்றி நான்கு பையன்கள். ஒருவன் கதை சொல்கிறான், மற்றவர்கள் பதறுகிறார்கள், பகடை உருள்கிறது. ஆட்டம் அவ்வளவுதான். கதையை நடத்துபவர் டஞ்சன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுப்பார்கள்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன். “கதவை உடைக்கிறேன்” என்று வாயால் சொன்னால் போதும், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லிவிடும்.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் எழுதி, 1974-இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தது அது. மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டி, விலை பத்து டாலர், முதல் அச்சு ஆயிரம் பிரதி. கோட்டை, பாதாள அறை, பூதம், புதையல் என்று எல்லாமே பழைய உலகம். ஆனால் வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? இந்தப் பகடையையும் விதியையும் வைத்துக்கொண்டு துப்பாக்கியும் காரும் இருக்கிற உலகத்தில் ஆட முடியாதா என்ற கேள்வி உடனே எழுந்தது. கேட்டவர்களில் கைகாக்ஸே ஒருவர். 1975 டிசம்பரில் தன் கம்பெனியின் பத்திரிகையில், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ரோந்துப் படை ஒன்று வழிதவறி மந்திரவாதிகளின் நாட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று ஓர் ஆட்டத்தையே எழுதிவைத்தார்.

அன்றைய வழி நேரானது. ஓர் அட்டவணை போடு, வாள் இருந்த இடத்தில் ரைஃபிளை வை, ஆட்டத்தைத் தொடங்கு. 1979-இல் வந்த ‘டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு’ புத்தகத்தில் இதற்கென்றே சில பக்கங்கள் உண்டு. அதே கம்பெனி 1975-இல் ‘பூட் ஹில்’ என்ற கௌபாய் ஆட்டத்தையும், 1978-இல் அணுப்போருக்குப் பிந்தைய உலகை வைத்து ‘காமா வேர்ல்ட்’ ஆட்டத்தையும் வெளியிட்டிருந்தது. அங்கிருக்கும் ஆளை இங்கே கூட்டிவரவும் இங்கிருப்பவரை அங்கே அனுப்பவும் கணக்கு அந்தப் பக்கங்களில் இருந்தது.

கணக்கு சரி. இடித்தது வேறு இடத்தில். இந்த ஆட்டத்தின் முதுகெலும்பு ஹிட் பாயின்ட், அதாவது ஓர் ஆள் எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண். அனுபவம் கூடக் கூட லெவல் ஏறும், லெவலோடு ஹிட் பாயின்ட்டும் ஏறும். பத்தாம் லெவல் வாள்வீரனுக்குச் சராசரியாக ஐம்பதைத் தொடும். எட்டுப் பக்கப் பகடையில் விழுவதுதான் நீள வாளின் சேதம் என்பதால், பத்து வெட்டு விழுந்தாலும் ஆள் நின்றுகொண்டிருப்பான். வாள் சண்டையில் இது உறுத்தாது. தடுத்தான், விலகினான், உரசிப் போனது என்று மனம் சமாதானம் சொல்லிக்கொள்ளும். கைகாக்ஸே இதைத்தான் சொன்னார்: அந்த எண்ணிக்கை வெறும் சதையல்ல, திறமையும் அதிர்ஷ்டமும் கடவுள் துணையும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அந்த ஆளின் நெற்றிப்பொட்டில் கைத்துப்பாக்கியை வைத்து அழுத்தி, “ஏழு பாயின்ட் போச்சு, நாற்பத்து மூன்று மிச்சம்” என்று அறிவித்தால் மேஜையே சிரிக்கும். துப்பாக்கி என்றால் செத்துப்போவோம் என்ற பயம் நம் எல்லோருக்கும் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. வாளைப் பற்றி நமக்கு அப்படி எந்த அனுபவமும் கிடையாது.

‘பூட் ஹில்’ ஆட்டக்காரர்கள் இதை அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள் என்பது என் எண்ணம். அங்கே எத்தனை சண்டையில் பிழைத்தாலும் குறி, வேகம் போன்றவைதான் கூடும். உடம்பு அதே உடம்பு. சரியான இடத்தில் ஒரு குண்டு பட்டால் கதை முடிந்தது.

இந்த முடிச்சை முழுதாக அவிழ்த்தது 1981-இல் கேயாசியம் கம்பெனி வெளியிட்ட ‘கால் ஆஃப் கதுல்ஹு’. எழுதியவர் சாண்டி பீட்டர்சன். அதன் எலும்புக்கூடும் மந்திர உலக ஆட்டத்துடையதுதான்: அதே கம்பெனியின் 1978-ஆம் ஆண்டு ‘ரூன்குவெஸ்ட்’. வெண்கல யுகத்து வீரர்களுக்காக எழுதிய விதிகளைத் தூக்கி 1920-களின் அமெரிக்காவில் வைத்தார்கள். அங்கே பேராசிரியரும் பத்திரிகை நிருபரும்தான் நாயகர்கள். உடல்திறனையும் உருவத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஹிட் பாயின்ட். பத்துப் பன்னிரண்டு தேறும், அதன்பின் ஆயுள் முழுக்க ஏறாது. வேட்டை ரைஃபிள் ஒன்றின் சேதம் இரண்டு ஆறுபக்கப் பகடையோடு நான்கு, சராசரி பதினொன்று. வாளும் கேடயமும் இருந்த பக்கங்களில் நூலகத்தில் தேடும் திறமை வந்து உட்கார்ந்தது. லெவலும் கிடையாது, மந்திரவாதியாக வளர்வதும் கிடையாது. கதை நகர நகர ஏறுவது பைத்தியம்தான். மனத்தெளிவுக்கென்று ஒரு எண் வைத்து, பார்க்கக் கூடாததைப் பார்க்கும்போதெல்லாம் அதைக் கரைத்தார்கள். பழைய விதிகளில் எதை எடுத்துவருவது என்பதைவிட எதை விட்டுவிட்டு வருவது என்று யோசித்த வேலை இது. அதனால்தான் நாற்பது ஆண்டு கழித்தும் அந்த ஆட்டம் அச்சில் இருக்கிறது.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வாங்கிவிட்ட விஸர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி 2002-இல் தன் கையாலேயே அதை நவீனமாக்கியது. ‘டி20 மாடர்ன்’ என்று பெயர். வாள்வீரன், மந்திரவாதி என்ற வகுப்புகள் போய், வலியவர், வேகமானவர், புத்திசாலி என்று ஆறு வகை மனிதர்கள் வந்தார்கள். நகரத்தில் யாரும் இரும்புக் கவசம் மாட்டித் திரிவதில்லை என்பதால், தற்காப்பு எண் லெவலோடு தானாக ஏறியது. ஒரே அடியில் விழும் சேதம் உடல்திறன் எண்ணைத் தாண்டினால், எத்தனை ஹிட் பாயின்ட் மிச்சமிருந்தாலும் பகடை போட்டுத் தப்ப வேண்டும், தவறினால் குற்றுயிர். துப்பாக்கிப் பிரச்சினைக்கு அது ஓர் ஒட்டுத்தையல்.

அதைவிட எனக்குப் பிடித்தது பணக்கணக்கு. 1974-இல் ஒரு பொற்காசு கொண்டுவந்தால் ஓர் அனுபவப் புள்ளி. பூதத்தைக் கொன்று புதையலைத் தூக்குவதுதான் தொழிலே. நகரத்தில் அதையே செய்தால் கொள்ளை வழக்கு. ஆகவே ‘டி20 மாடர்ன்’ காசு எண்ணுவதையே விட்டுவிட்டு, செல்வநிலை என்று ஓர் எண்ணைக் கொடுத்தது. கார் வேண்டுமா, இருபது பக்கப் பகடையை உருட்டி அந்த எண்ணைக் கூட்டு; கிடைத்தால் வாங்கலாம், ஆனால் செல்வநிலை இறங்கும். ஆட்டக்காரர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை, பையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார்கள். மாதத் தவணையில் வாழ்கிறவர்களுக்கு இதைவிட உண்மையான விதி வேறென்ன இருக்க முடியும்?

இன்றைய நிலைதான் வேடிக்கை. 1974-இன் விதிப்படி முதல் லெவல் ஆளுக்குப் பெரும்பாலும் ஆறேழு ஹிட் பாயின்ட்கூடத் தேறாது, எந்த ஆயுதமானாலும் ஆறுபக்கப் பகடைதான். ஒரே அடியில் சாகலாம். காயப்பட்டுப் படுத்தால் முதல் நாள் ஒன்றும் ஏறாது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே ஒரு பாயின்ட். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் எல்லாம் திரும்பிவிடும். மந்திர உலகத்துப் பழைய விதிகள், இன்றைய விதிகளைவிட நம் உடம்புக்கு நெருக்கமானவை! அந்த 2014 பதிப்பின் டஞ்சன் மாஸ்டர் புத்தகத்திலேயே நவீனத் துப்பாக்கிகளும் உண்டு. கைத்துப்பாக்கிக்கு இரண்டு ஆறுபக்கப் பகடை, சராசரி ஏழு. சாதாரணக் குடிமகனுக்கு அந்தப் பதிப்பு தருவது நான்கே ஹிட் பாயின்ட். வழிப்போக்கன் ஒரே குண்டில் விழுவான்; நாயகன் ஏழெட்டு வாங்கிக்கொண்டு நடந்துபோவான், மறுநாள் காலை காயமே இருக்காது. தோளில் குண்டு வாங்கி, துண்டைக் கட்டிக்கொண்டு கிளைமாக்ஸ் சண்டை போடுகிற நாயகனைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இதைப் பிழை என்று திருத்தாமல், இதுதான் ஆட்டம் என்று ஒப்புக்கொண்டவர்கள் புத்திசாலிகள். 2022-இல் வந்த ‘எவ்ரிடே ஹீரோஸ்’ ஆட்டம் அப்படித்தான். ‘டோட்டல் ரீகால்’, ‘பசிபிக் ரிம்’ போன்ற படங்களுக்கே உரிமம் வாங்கித் துணைப் புத்தகம் போட்டார்கள். அன்று விதியை வாழ்க்கைக்கு ஏற்ப வளைத்தார்கள். இன்று விதிக்கு ஏற்ற சினிமாவைத் தேடிக்கொள்கிறார்கள்.

நவீன உலகத்துக்குள் மந்திரத்தைக் கொண்டுவருவது இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. 1989-இன் ‘ஷேடோரன்’ ஆட்டம் உலகத்தையே மாற்றிவிட்டது: எதிர்காலத்தில் மந்திரம் திரும்பிவந்து, எல்ஃப், ஆர்க் போன்ற மாய இனத்தார் கம்பெனிகளுக்கு அடியாள் வேலை பார்க்கிறார்கள். 2003-இன் ‘அர்பன் ஆர்கானா’ இன்னும் தந்திரமானது. அங்கே பூதம் தெருவில் நடந்தாலும் சாதாரண மனிதர்களின் மனம் அதை ஏற்காது. யாரோ வாட்டசாட்டமான ஆள் போகிறான் என்று கடந்துவிடுவார்கள். 2015-இல் விஸர்ட்ஸ் வெளியிட்ட சோதனை விதிகளில் கேமராக் கண்ணுக்கு மட்டும் மறையும் மந்திரம் ஒன்று இருக்கிறது. எல்லோர் கண்ணிலும் மறைவதைவிட இன்றைக்கு அதுதான் உபயோகம்.

யாரும் ஒழுங்காகத் தீர்க்காதது செல்போன். பாதாள அறை ஆட்டத்தின் சுவாரசியமே தெரியாமையில் இருந்தது: கட்டம்போட்ட தாளில் ஆட்டக்காரர்களே வரைபடம் போடுவார்கள், குழு பிரிந்தால் செத்தோம் என்று பயப்படுவார்கள். இப்போது வரைபடம் சட்டைப்பையில் இருக்கிறது, பிரிந்தவர்கள் கான்ஃபரன்ஸ் காலில் பேசிக்கொள்கிறார்கள். சிக்னல் இல்லை, பேட்டரி தீர்ந்தது என்று டஞ்சன் மாஸ்டர் ஒருமுறை சொல்லலாம், ஒவ்வொரு வாரமும் சொன்னால் மானம் போகும். அதைவிட, “போலீஸுக்கு போன் போடுகிறேன்” என்று ஆட்டக்காரர் சொல்லும்போது தடுக்காமல் விடுவது நல்லது. மணி அடிக்கட்டும், எதிர்முனையில் ஆள் எடுக்கட்டும், “பத்து நிமிஷத்தில் வண்டி வரும்” என்று சொல்லட்டும். பத்து நிமிஷம் கழித்து இன்ஸ்பெக்டர் உள்ளே வரும்போது, தரையில் கிடக்கும் உடலைப் பற்றியும் கையிலிருக்கும் வாளைப் பற்றியும் என்ன சொல்வது என்று மேஜையைச் சுற்றியிருக்கிற நான்கு பேரும் அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.