வானத்துக்கும் வேலி உண்டு

அருணாசல மலையின் மேற்குப் புறத்தில், கிரிவலப் பாதையில் உள்ளது அடி அண்ணாமலை. கிழக்கேயுள்ள பெரிய கோயிலிலிருந்து மலையைத் துளைத்து ஒரு கோடு இழுத்தால் தூரம் சொற்பமே. ஆயினும் மலையைச் சுற்றித்தான் அங்கு வரவேண்டும். அந்த 14 கிலோமீட்டர்ச் சுற்றைப் பக்தர்கள் மனமுவந்து நடக்கிறார்கள். இப்பக்கம் வந்து தங்கும் மேனாட்டாரும், மேனாடுகளிலுள்ள மக்களைப் பார்க்கப் புறப்படும் நம்மவரும் ஆகாயத்தில் சுற்றும் சுற்றோ மனமுவந்ததல்ல. அதைப் பெரும்பாலும் விதிப்பவை சர்க்கார்களே.

தூரம் மாறாதது. பெங்களூரிலிருந்து ஸான்பிரான்ஸிஸ்கோவுக்குச் சுமார் 14,000 கிலோமீட்டர். தட்டையான படத்தைப் பார்ப்பவர், பஸிபிக் சமுத்திரத்தை நேர் குறுக்கே கடப்பதே குறுக்கு வழி என்று எண்ணுவர். பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலோ, அது வடதுருவத்தை ஒட்டிச் செல்லும். 2021 ஜனவரியில் நான்கு பெண் விமானிகள் ஓட்டிய ஏர் இந்தியா விமானம் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து துருவப் பிரதேசத்தின் வழியாகப் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. எடுத்த நேரம் சுமார் 17 மணி. நம் பெண்மணிகளின் இத்திறமை கண்டு பெருமை கொள்ளாதார் யார்?

காற்றின் விளையாட்டும் உண்டு. சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். போகும்போது மேல்காற்று எதிர்த்து நிற்கும். திரும்பும்போது அதே காற்று பின்னின்று தள்ளும். இதில் குறை கூற ஏதுமில்லை.

மனிதர் போடும் வேலியே நாம் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு தேசமும் தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயத்துக்குப் பூரண அதிகாரி என்பதை 1944-ஆம் ஆண்டுச் சிக்காகோ ஒப்பந்தம் உறுதி செய்தது. அதற்கு முன்னும் இதே நிலைதான். 1932-ல் பாரசீகம் தன் கரையோர மார்க்கத்தைத் தொடர்ந்து அனுமதிக்காததால், லண்டன் - கராச்சி விமானங்கள் வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறி, ஷார்ஜாவில் இறங்கலாயின. ஏகாதிபத்தியத்தின் விமானமே அன்று வழிமாற நேர்ந்தது! 2022-ல் ருஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடவே, ஒன்பதரை மணியளவில் முடிந்த ஹெல்ஸிங்கி - டோக்கியோ பிரயாணம் 13 மணியாயிற்று. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் நம் விமானங்களைத் தடுத்தது. அம்மாத இறுதியில் நாமும் அவர்களுடையவற்றைத் தடுத்தோம். டில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் தெற்கே சுற்றின. செப்டம்பர் 1 முதல் டில்லி - வாஷிங்டன் சேவையை ஏர் இந்தியா நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் இத்தடையும் ஒன்று.

நாட்டின் பாதுகாப்பின் பொருட்டு வானத்தை மூடும் உரிமையை நாம் மறுக்கவில்லை. சுதந்திரம் பெற்ற எந்த ஜனங்களும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் அதனால் கூடும் எண்ணெய்ச் செலவும் நேரமும் யார் தலையில் விழுகின்றன? பேரக் குழந்தையைக் காணப் புறப்பட்ட வயோதிகர், இடையில் ஓர் இறக்கம் உண்டு என்பதை விமானத்தில் ஏறியபின்தான் அறிய வேண்டுமா? அடி அண்ணாமலையிலிருந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ சுமார் 200 கிலோமீட்டர் சாலையில் சென்று, மூன்று மணி முன்னதாகவே காத்து நிற்பவர் அவர். விமானம் செல்லும் மார்க்கம், இடையில் இறங்கும் ஊர், கூடும் மணி ஆகியவற்றை டிக்கெட் விற்கும்போதே எழுத்தில் தருமாறு விமானப் போக்குவரத்து இலாகா கம்பெனிகளுக்கு உடனே உத்தரவிட வேண்டும்.