தேசத் தொண்டரின் அகப்பணி

பொதுவாழ்வில் இறங்கியவர்களிடம் ஆத்ம சோதனையைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர்கள் கூறும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. “அதற்கெல்லாம் நமக்கு ஏது ஐயா ஓய்வு? ஊர்க் காரியம் தலைக்கு மேல் கிடக்கிறது. அது முடிந்த பிறகல்லவா உள்ளத்தைக் கவனிக்க வேண்டும்!” என்பார்கள். இதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. கூட்டம், பிரயாணம், வழக்கு, வசூல், மனு, தேர்தல் என்று பொழுது விடிவதும் அடைவதும் தெரியாமல் உழைப்பவர் பலரை நாம் அறிவோம். ஆயினும் இந்த மறுமொழிக்குள் ஒரு தப்பெண்ணம் ஒளிந்திருக்கிறது. மனத்தைத் திருத்திக்கொள்வது வேலையை விட்டு விலகியவர்களும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மூலையில் அமர்ந்திருப்பவர்களும் செய்ய வேண்டிய காரியம், ஊழியத்தில் இருப்பவனுக்கு அது பின்னால் பார்த்துக்கொள்ளத் தக்கது என்பதே அது.

வீட்டோடு இருப்பவனுடைய கோபம் அவன் வீட்டைத்தான் சுடும். ஆயிரம் பேர் தன் சொல்லை எதிர்பார்த்து நிற்கப் பெற்றவனுடைய கோபமோ ஊரைச் சுட்டுவிடும். மேலும், பொதுத்தொண்டு மனிதனுடைய அகந்தைக்கு இடும் தீனியை வேறெந்தத் தொழிலும் இடுவதில்லை. மாலையும், கரகோஷமும், பத்திரிகையில் பெயரும் நாளடைவில் ஒரு மயக்கத்தை உண்டாக்குகின்றன. முடிவில் தன்னுடைய விருப்பத்தையே தேசத்தின் விருப்பமென்றும், தன்னை மறுப்பவனையே தேசத் துரோகியென்றும் ஒருவன் மனப்பூர்வமாக நம்பிவிடுகிறான். இப்படி நம்புகிறவன் வேஷக்காரனாக இருந்தால் ஆபத்துக் குறைவு. யோக்கியனாக இருப்பதுதான் துன்பம்.

இந்த அபாயம் நம்முடைய முன்னோடிகளுக்குத் தெரியாததன்று. 1921-ஆம் வருஷக் கடைசியில் ராஜாஜி வேலூர்ச் சிறைக்குச் சென்று மூன்று மாத காலம் இருந்தார். அங்கே அவர் நாள்தோறும் எழுதிவந்த குறிப்புகளில், 1922 ஜனவரி மாதத்தில் எழுதிய பகுதி ஒன்று இன்றும் படிப்போரைத் திடுக்கிட வைக்கிறது. சுயராஜ்யம் கிடைத்த மாத்திரத்தில் நல்லாட்சியோ மிகுந்த சுகமோ வந்துவிடப் போவதில்லை. தேர்தல்களும் அவற்றோடு வரும் ஊழல்களும், அநீதியும், செல்வத்தின் கொடுங்கோன்மையும், நிர்வாகத்தின் திறமைக் குறைவும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கிவிடும். பழைய ஆட்சியே மேலாயிருந்தது என்று ஜனங்கள் ஏங்கவும் கூடும் என்பது அதன் சாரம். குழந்தைப் பருவம் முதல் நல்லொழுக்கத்தையும் தெய்வ பயத்தையும் அன்பையும் வளர்க்கும் கல்வி எல்லோருக்கும் கிடைப்பதொன்றே நம்பிக்கைக்கு இடமென்று அவர் கருதினார். இதை எழுதியவர் சுயராஜ்யத்தை வெறுத்தவரல்லர். அதற்காகவே சிறையில் கிடந்தவர். சுதந்திரம் வருவதற்கு 25 ஆண்டுகள் முன்னதாக எழுதப்பட்டது இக்குறிப்பு. அந்தச் சுதந்திரம் வந்தும் இப்போது 75 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அவர் அஞ்சியதில் எவ்வளவு பலித்தது என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கல்வி குழந்தைகளுக்கு ஆயிற்று. வளர்ந்துவிட்ட தொண்டனுக்கு வழி என்ன? இவ்விஷயத்தில் மகாத்மா காந்தி எழுதியவை கடுமையானவை, ஆனால் தெளிவானவை. 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி தண்டிக் கடற்கரையில் உப்புச் சட்டத்தை மீறி, மே மாதம் 5-ந் தேதி கைதாகி, எரவாடாச் சிறையில் அவர் அடைக்கப்பட்டார். அந்தச் சிறைக்கு அவர் வைத்த பெயர் மந்திர், அதாவது கோயில். அங்கிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் விடியற்காலைப் பிரார்த்தனை முடிந்ததும் சபர்மதி ஆசிரமவாசிகளுக்கு ஒரு கடிதம் எழுதிவந்தார். சத்தியம், அஹிம்சை, அஸ்தேயம், அபரிக்கிரகம், அபயம் என்று வாரத்திற்கொரு விரதமாக விளக்கிச் சென்ற அக்கடிதங்கள் பிற்பாடு சிறு நூலாக வெளிவந்தன. நாடு முழுவதும் தடியடியும் சிறை நிரப்பலும் நடந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், போராட்டத்தின் தலைவர் தம் கூட்டத்தாருக்கு எழுதியது நாவடக்கத்தைப் பற்றியும் பணிவைப் பற்றியுமே என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாவடக்கம் என்றால் இங்கே பேச்சையல்ல, ருசியைக் குறிக்கிறது. உணவை மருந்து போல அளவறிந்து உட்கொள்ள வேண்டும். ருசியைக் கூட்டுவதற்காக மட்டும் உணவில் உப்பைச் சேர்த்துக்கொள்வது விரத பங்கம் என்று அவர் எழுதினார். ஒரு பிடி உப்புக்காகச் சாம்ராஜ்யத்தையே எதிர்த்து நடந்த மனிதர், அதே வருஷத்தில், அந்த உப்பை நாக்கின் பொருட்டுப் போட்டுக்கொள்ளாதே என்று தம்மவருக்குச் சொல்கிறார்! இதை விசித்திரமென்று சிலர் நகைக்கக் கூடும். நமக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை. ஏழையிடமிருந்து உப்பைப் பறிக்கும் அதிகாரம் ஒன்று. தன் நாக்கு தன்மேல் செலுத்தும் அதிகாரம் மற்றொன்று. அவர் இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தார். அத்தனை கடுமையான உணவு நியமம் எல்லோருக்கும் வேண்டுமா என்பது வேறு விஷயம்; அதில் நாம் அவரோடு முழுதும் ஒத்துப்போக வேண்டியதில்லை.

அக்கடிதங்களில் தொண்டர்களுக்கு மிகவும் பயன்படுவது விரதத்தின் அவசியத்தைப் பற்றியதேயாம். ‘இயன்ற மட்டும் செய்வேன்’ என்று சொல்லுகிறவன் தன் கர்வத்தையோ பலவீனத்தையோ வெளிப்படுத்துகிறான் என்பது அவர் கருத்து. நம் கூட்டங்களில் நிறைவேறும் தீர்மானங்களை எடுத்துப் பாருங்கள். ‘இயன்ற மட்டும்’, ‘கூடிய விரைவில்’, ‘சந்தர்ப்பம் வாய்த்தால்’ என்ற சொற்களை நீக்கிவிட்டால் பல தீர்மானங்களில் எஞ்சுவது தேதியும் தலைவர் பெயரும்தான். உள்ளத்தோடு நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் அப்படிப்பட்டவையே. கோபத்தை இயன்ற மட்டும் அடக்குவதாக வாக்களிக்கிறோம். அது இயலாமற்போகும் நேரம் எது என்பதையும் நாமே நிர்ணயித்துக்கொள்கிறோம்.

பணிவைப் பற்றி அவர் கூறியது இன்னும் நுட்பமானது. பணிவையும் ஒரு விரதமாகச் சேர்க்க வேண்டுமென்ற யோசனை அவர் முன் வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. பணிவு என்பது தனியாக எடுத்து அனுஷ்டிக்கத் தக்கதன்று, மற்ற விரதங்களுக்குள் தானே கலந்திருப்பது என்று விளக்கினார். கூட்டத்துக்குக் கூட்டம் ‘அடியேன்’ என்று ஆரம்பித்து, ஒரு மணி நேரம் தன் சேவையைத் தானே வர்ணிக்கும் பிரசங்கிகளைக் கேட்டவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும்.

ஆனால் காந்தியடிகளுக்கு ஆசிரமம் இருந்தது. கூடவே வரும் சீடர்கள் இருந்தனர். தேசம் முழுவதும் அவருடைய ஒவ்வொரு சொல்லையும் எதிர்பார்த்திருந்தது. இவை எதுவும் இல்லாதவன் அகப்பணி செய்ய முடியுமா என்று கேட்டால், தமிழ்நாட்டிலிருந்தே விடை கூறலாம். காந்தியடிகள் தண்டிக்குப் புறப்பட்டது 1930 மார்ச் 12. அதற்குச் சரியாக 22 வருஷங்களுக்கு முன், 1908-இல் அதே மார்ச் 12-ந் தேதி, கைதானவர் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை.

அவருடைய பெருமையைச் சொல்லும்போது நாம் வழக்கமாகக் கப்பலில் தொடங்கிச் செக்கில் முடித்துவிடுகிறோம். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும், தூத்துக்குடி ஆலைத் தொழிலாளருக்காக நின்றதும், இரட்டை ஆயுள் தண்டனை பெற்றதும், மேல்முறையீட்டில் அது குறைந்ததும், கோயமுத்தூர்ச் சிறையில் செக்கிழுத்ததும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தச் சிறைவாசத்தின்போதே அவர் செய்த மற்றொரு வேலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில ஆசிரியருடைய சிறு நூலொன்றை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். அது 1909-இல் வெளிவந்தது. விடுதலைக்குப் பின், அவ்வாசிரியருடைய மற்றொரு நூல் ‘அகமே புறம்’ என்ற பெயருடன் வந்தது. திருக்குறளைப் பின்பற்றி அவரே இயற்றிய ‘மெய்யறம்’ என்ற நீதி நூலும் சிறைவாசத்தின் பயனேயாகும்.

ஆங்கிலேயருடைய கப்பல் கம்பெனியை எதிர்த்து, ஆங்கிலேயருடைய நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, ஆங்கிலேயருடைய சிறையில் மாட்டுக்குப் பதிலாகப் பூட்டப்பட்ட மனிதர், ஓர் ஆங்கிலேயர் எழுதிய ஆத்ம விசாரத்தைக் கையில் எடுத்துத் தம் மக்களுக்கு வழங்குகிறார்! வெறுப்பு உள்ளே புகுந்து குடியேறியிருந்தால் இது நடக்கிற காரியமா?

அந்நூல் கூறும் கொள்கை என்னவென்றால், மனிதனுடைய வாழ்வு அவன் எண்ணங்களின் விளைவு என்பதேயாம். இதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால் ஒப்புவது கடினம். ஏழையின் வறுமைக்கு அவன் மனமே காரணம், அடிமையின் விலங்குக்கு அடிமையே காரணம் என்று அது போய் முடியும். ஆளுவோருக்கும் வட்டிக்காரருக்கும் இதைவிட இனிக்கும் வேதாந்தம் கிடையாது. செக்கில் தம்மைப் பூட்டியது தம்முடைய தீய எண்ணமன்று என்பது சிதம்பரம் பிள்ளைக்குத் தெரியாதா? வக்கீலாகிய அவருக்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தம்மைப் பூட்டியது என்பதே தெரியும். ஆகவே அவர் அந்நூலில் கண்டது வேறு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். உடல் யார் கையில் இருந்தாலும் மனத்தின் பொறுப்பு தன் கையிலேயே இருக்கிறது. அதையும் பிறரிடம் கொடுத்துவிட்டால் தண்டனை பூர்த்தியாகிவிடும். சிறை அதிகாரி உடைக்க விரும்பியது எதுவோ, அதையே கைதி அன்றாடம் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

இந்தப் பயிற்சியின் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு உலகியல் முறையில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவர் சிறையில் இருக்கும்போதே 1911-இல் கப்பல் கம்பெனி கலைந்து போயிற்று. 1912 டிசம்பர் 24-ந் தேதி வெளியே வந்தவருக்குச் செல்வமில்லை. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து குடும்பத்தைக் காக்க வேண்டியதாயிற்று. மனம் செம்மையானால் வாழ்வும் செம்மையாகும் என்று தமிழில் எழுதித் தந்தவருக்கு வாழ்வு கொடுத்த சம்பளம் இது.

ஆயினும் அந்த நாட்களில்தான் அவருடைய அகம் எப்படி வளர்ந்திருந்தது என்பது தெரிகிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டியிருந்த ஒரு தொகை காந்தியடிகள் வாயிலாக வர வேண்டியிருந்தது. 1915-இல் இருவருக்குமிடையே இதைப் பற்றிக் கடிதங்கள் பல போய்வந்தன. தமக்குப் பணம் தேவை என்பதைச் சிதம்பரம் பிள்ளை மறைக்கவில்லை. ‘நான் தேசத்துக்கு உழைத்தவன், பணத்தைத் தொடமாட்டேன்’ என்று வீறாப்புப் பேசவுமில்லை, தாமதத்துக்காகச் சீறவுமில்லை. 1916-ஆம் வருஷத் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பங்குகளைத் திரட்டிக் கப்பல் விட்டவர், இந்தத் தொகைக்காகக் காத்திருந்து, வந்ததும் மரியாதையோடு பெற்றுக்கொண்டார். செக்கிழுத்ததைவிட இது கஷ்டம் என்றே நமக்குத் தோன்றுகிறது. செக்கை இழுக்கும்போது எதிரே அதிகாரி நிற்கிறான். ரோஷம் துணை செய்யும். வறுமையில் நண்பருக்குக் கடிதம் எழுதும்போது எந்த ரோஷமும் துணைக்கு வராது.

இன்றைய தொண்டர்கள் தங்களைச் சோதித்துப் பார்க்கச் சிறைக்கும் செக்கடிக்கும் போக வேண்டியதில்லை. ஊருக்கு வேண்டுமென்று நாம் பல நாள் போராடிய ஒரு காரியத்தை, குடிநீர்க் குழாயோ பள்ளிக் கட்டடமோ, எதிர்க்கட்சிக்காரர் முடித்துவிட்டாரென்று செய்தி வருகிறது. கேட்டதும் நெஞ்சில் முதலில் எழுவது மகிழ்ச்சியா, எரிச்சலா? எவரும் பார்க்காத அந்த ஒரு கணத்தை இரவில் படுக்குமுன் நேர்மையாக எழுதிவைப்பவர் எத்தனை பேர்? கட்சி நிதிக்குக் கணக்கு எழுதச் சொல்லிச் சட்டமிருக்கிறது; இதற்குச் சட்டமில்லை. நேரமும் அதிகம் பிடிக்காது. ஓய்வில்லை என்று சொல்லுபவர்கள், அன்று எதிரியைத் திட்டிப் பேசிய நேரத்தில் பத்திலொரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும்.

சிதம்பரம் பிள்ளை மீண்டும் வக்கீல் தொழில் செய்வதற்கு உதவி புரிந்து, இழந்த சன்னதைப் பெற்றுத் தந்தவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. ஆங்கிலேயரால் கப்பலையும் செல்வத்தையும் நல்ல வயதையும் இழந்த அந்த மனிதர், தமக்குப் பிறந்த பிள்ளைக்கு அந்த நீதிபதியின் நினைவாக வாலேஸ்வரன் என்று பெயர் சூட்டினார்.