112 நாளில் ஒரு வயது

ஹாட்ரிக் என்ற இணையக் கால்பந்தில் பந்தை உதைக்கிற வேலை யாருக்கும் இல்லை. 1997-ல் ஸ்வீடனில் பியோர்ன் ஹோல்மேர் தொடங்கிய விளையாட்டு இது. சேருகிறவர் கையில் ஒரு கற்பனை கிளப்பைக் கொடுப்பார்கள். கூடவே சிறிய மைதானம், கொஞ்சம் பணம், சுமாரான வீரர்கள். அதன்பின் அவர் ஓனர், கோச், பொருளாளர் எல்லாமே. லீக்குக்கு எட்டு அணிகள், ஆளுக்கு 14 ஆட்டங்கள், 16 வாரத்தில் ஒரு சீசன் முடியும்.

ஆட்டத்தை நடத்துவது ஒரு கணக்கு இயந்திரம். யார் எங்கே ஆடுகிறார், அவர் திறமை என்ன, உடல்நிலை எப்படி, அணியின் மனநிலை எப்படி என்று பார்த்து அது ஒவ்வோர் அணிக்கும் ஏழு மதிப்பெண் போடும். நடுக்களத்துக்கு ஒன்று, தடுப்புக்கும் தாக்குதலுக்கும் இடம், நடு, வலம் என்று மும்மூன்று. கோல் வாய்ப்புகளில் பெரும்பங்கு யாருக்கு என்பதை நடுக்களம் தீர்மானிக்கிறது. வாய்ப்பு இடப்பக்கம் விழுந்தால், நம் இடது தாக்குதலும் எதிரணியின் வலது தடுப்பும் மோதும். அதற்குமேல் அதிர்ஷ்டம். மழை பெய்தால் உடல்வலு உள்ளவருக்கு லாபம், வெயில் அடித்தால் நுட்பக்காரருக்கு. இரண்டு கோல் முன்னிலை வந்துவிட்டால் அணி தானாகவே கொஞ்சம் பின்வாங்கும். இதெல்லாம் வரிவரியாக, எழுத்து வர்ணனையாக, நிஜ ஆட்டத்தின் வேகத்திலேயே திரையில் வந்துகொண்டிருக்கும். படிக்கிறவர்களுக்கு ரத்தக்கொதிப்பு ஏறுவது மட்டும் அசல்.

ஆனால் இந்த விளையாட்டின் உண்மையான சுவாரசியம் பயிற்சியில்தான். வாரத்துக்கு ஒரே ஒரு திறமையைத்தான் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வாரம் ஆடினவருக்கு மட்டுமே, அதுவும் பெரும்பாலும் உரிய இடத்தில் ஆடினவருக்கே, பலன். ஆட்டத்தைக் கட்டமைக்கும் திறமையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழுப்பலன் நடுவில் ஆடும் மூன்று பேருக்குத்தான். பக்கவாட்டு வீரருக்குப் பாதி. வார இறுதியில் லீக் ஆட்டம், வாரநடுவில் கோப்பை ஆட்டம் அல்லது நட்பு ஆட்டம். ஆக வாரத்துக்கு ஆறு பேரை ஒழுங்காகத் தேற்றலாம். கோப்பையில் தோற்று, நட்பு ஆட்டத்துக்கும் ஆள் தேடாமல் விட்டால், அந்த வாரம் மூன்று பேருக்குப் பயிற்சியே போச்சு.

வீரருக்கு 112 நாளில் ஒரு வயது கூடும். 17 வயதில் வருகிற பையன் 448 நாளில் 21-ஐத் தொட்டுவிடுவான். விளையாட்டில் அவன் நாட்டுக்கென்று இருக்கும் இளையோர் தேசிய அணிக்கு அவனைத் தயார்செய்ய நினைத்தால் ஒரு வாரத்தைக்கூட வீணடிக்க முடியாது. ஒரே ஓனரால் எல்லாத் திறமையையும் புகட்டவும் முடியாது. நடுக்களப் பயிற்சி தரும் கிளப்பில் கொஞ்ச காலம், பிறகு பாஸ் பயிற்சி தரும் கிளப்பில் கொஞ்ச காலம் என்று பையன் ஏலத்தில் கைமாற வேண்டியிருக்கும். அந்தந்த நாட்டு ஓனர்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் தேசிய கோச்சும் அவருடைய சகாக்களும் இதற்காகவே வலைவீசி அலைவார்கள். “இந்தப் பையனை இறக்கைப் பக்கம் போடாதீங்க, நடுவுல போடுங்க” என்று முன்பின் தெரியாத ஓனருக்குக் கடிதம் போடுவார்கள். அவர் எவரோ, பையனும் இல்லாத பையன். கடிதத்தில் உள்ள கவலை மட்டும் நிஜம்.

ஓனர் சங்கங்கள் இப்படிப்பட்ட கடிதப் பழக்கத்தில்தான் முளைக்கின்றன. மொழிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, நிஜக் கிளப்பின் ரசிகர்களுக்கு ஒன்று, வெறும் வம்பளப்புக்கு ஒன்று. நட்பு ஆட்டத்துக்கு ஜோடி சேர்த்துவிடுவது, புதிதாக வந்தவர் கடனில் மூழ்காமல் பார்த்துக்கொள்வது, தங்களுக்குள் கோப்பை நடத்துவது என்று வேலை நிறைய. இந்த ஓனர்கள் யாருக்கும் சொந்தமாக எதுவும் இல்லை. ஆனாலும் தலைவர் பதவிக்கு ஆள் உண்டு!

நட்பு ஒரு கோட்டைத் தாண்டக் கூடாது. சங்கத்துக்காரர் என்பதற்காக உதவாத வீரரைக் கொள்ளை விலைக்கு வாங்கினால், விளையாட்டைக் கண்காணிக்கும் தன்னார்வ நடுவர்கள் விற்பனையை ரத்து செய்வார்கள், அபராதமும் போடுவார்கள்.

தேசிய அணி எட்டாத சின்னக் கிளப்காரர்களுக்குக் கொடி சேர்ப்பு என்றொரு பித்து உண்டு. ஒரு நாட்டுக் கிளப்போடு நட்பு ஆட்டம் ஆடினால் அந்தக் கொடி நம் கணக்கில் ஏறும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. பெரிய நாடுகளின் கொடி சுலபம். ஓனர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே உள்ள நாட்டின் கொடிதான் சிக்காது. அப்படிப்பட்ட நாட்டில் கிளப் வைத்திருப்பவர் எவ்வளவு மட்டமாக ஆடினாலும் பரவாயில்லை, வாரநடுவில் அவருக்கு அழைப்புகள் குவியும்.