இரண்டாவது கார்ட் வாங்குமுன்

என் நானா வீடுகளின் உள்ளலங்காரத்தை பிளெண்டர் மென்பொருளில் வரைந்து அசையும் படமாக்கிக் கொடுப்பவர். ஒளி எங்கெங்கே படுமென்று கணித்துக் கணினி ஒவ்வொரு படமாக உருவாக்குவதையே ரெண்டரிங் என்கிறார்கள். செக்கனுக்கு 24 படம். 10 செக்கனுக்கு 240. ஒன்றுக்கு 6 நிமிடம் போனால் மொத்தம் 24 மணித்தியாலம்! அதனால் இன்னொரு கிரபிக்ஸ் கார்ட் பூட்ட வாப்பாவிடம் காசு கேட்டிருக்கிறார்.

இந்த வேலைக்கு அது உண்மையிலேயே உதவும். பாதிப் படங்களை ஒரு கார்டும் மீதியை மற்றதும் செய்தால் நேரமும் ஏறத்தாழப் பாதியாகும். (இன்றைய கேம்கள் பெரும்பாலும் ஒரு கார்டைத்தான் பயன்படுத்தும். தம்பி கவனிக்க!)

ஆனால் நினைவகம் இரட்டிப்பாகாது. நானாவிடமுள்ள ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டில் 12 ஜி.பி. உண்டு. அதே கார்டை இன்னொன்று போட்டாலும் 24 ஜி.பி. காட்சி ஏறாது. இருவர் ஒரே மாதிரிச் சட்டை தைத்தாலும் ஆளுக்கொரு முழு அளவுத்தாள் வேண்டுமல்லவா? அதுபோல முழுக் காட்சியும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியே ஏற வேண்டும். நானாவின் மிகப் பெரிய காட்சியே 7 ஜி.பி. தான், ஆகவே பயமில்லை.

என் கவலை மின்சாரம். ஒரு கார்டுக்கு 170 வாற்று, இரண்டுக்கு 340. புரொசசரும் சேர்ந்தால், இப்போதுள்ள 550 வாற்று பவர் சப்ளையை நம்ப முடியாது. 750 ஆவது வேண்டும். அந்த விலையையும் கூட்டித்தான் வாப்பாவிடம் சொல்ல வேண்டும். மதர்போர்டில் இரண்டாவது நீள ஸ்லொட் இருக்கிறதா, கார்டுகளுக்கிடையே காற்றுப் போக இடமிருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே கடைக்குப் போகலாம்.